வாழ்த்துச் செய்திக்குப் பின்னால் வரும் பக்கங்கள்

வணக்கம் நேயர்களே.

கம்பஸ் பிள்ளைகள் இப்போது எதையும் வாசிப்பதில்லை என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு. புத்தகக் கடைக்காரர் சொல்கிறார், ஓய்வுபெற்ற அதிபர் சொல்கிறார், கலியாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் சொல்கிறார். இந்த உரைக்கு என்னை அழைத்தவர்களின் குரலிலும் அந்தக் கவலை கேட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழக விடுதிக்கோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களின் விடுதிகளுக்கோ இரவு பத்து மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள். காவலாளி உங்களை உள்ளே விடமாட்டார், அது வேறு கதை. பகல் முழுவதும் ஆங்கிலத்தில் விரிவுரை, ஆங்கிலத்தில் செய்முறை அறிக்கை. இரவில் கைபேசியில் தமிழ். செயலிகளில் தொடராக வரும் குடும்ப நாவல்கள், அரசர் காலத்துச் சாகசங்கள், பேய்க்கதைகள், டெலிகிராமில் யாரோ போட்டுவிட்ட பிடிஎஃப்கள். முதலாம் வருடத்துப் பையன்களிடம் வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்லித்தரும் மொழிபெயர்ப்பு நூல்களுக்குத் தனி மவுசு. அந்த வகை நூல்களால் முன்னேறியவர்கள் அவற்றை எழுதியவர்கள்தான் என்பது என் கட்சி. ஆனாலும் தூக்கத்தை விட்டு வாசிக்கிற பிள்ளையைப் பார்த்து வாசிக்காத பிள்ளை என்று எப்படிச் சொல்வது?

கடைக்காரரின் மனக்குறையில் நியாயம் உண்டு. 2022இல் எங்கள் ரூபாய் விழுந்த பிறகு, சென்னையில் அச்சாகிற புத்தகத்தின் விலையை மூன்றுக்கு மேல் பெருக்கித்தான் இங்கே வாங்க வேண்டியிருக்கிறது. மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் மாதச் சாப்பாட்டையே ஒப்பேற்ற முடியாத பிள்ளை அதை எங்கே வாங்குவது?

என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே கைபேசியில் நூலகம் என்ற எண்ணிம நூலகம் இலவசமாகத் திறக்கும். 2005இல் தொடங்கிய அந்த முயற்சியில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பழைய பத்திரிகைகளும் குவிந்து கிடக்கின்றன. முல்லைத்தீவு மாவட்டத்துப் பிள்ளைகள் சிலரிடம் ‘நிலக்கிளி’ வாசித்தீர்களா என்று கேட்டேன். பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அ. பாலமனோகரன் எழுதி 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல் அது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. காடும் குளமும் வயலும் வேட்டையும் அதில் ஒப்பனை இல்லாமல் வருகின்றன. வன்னிக் கிராமத்து மனிதர்களுக்கு ஒரு நாவலைத் தாங்கும் கனம் உண்டு என்று காட்டிய எழுத்து. சோழ இளவரசனின் குதிரை எந்த ஆற்றைக் கடந்தது என்று நாள், நட்சத்திரத்தோடு சொல்லக்கூடிய பிள்ளைக்குத் தன் பக்கத்துக் குளத்தின் கதை எழுதப்பட்டிருப்பது தெரியவில்லை.

இது எழுத்திலும் இறங்கிவிடுகிறது. மாணவர் போட்டிகளுக்கு வரும் கவிதைகளையும் கதைகளையும் நடுவராக இருந்து படித்துவருகிறேன். தாய், தமிழ், நிலா, குருதி, கண்ணீர். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எழுதியவருக்கே சந்தேகம் வரும். பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்மொழித் தினப் போட்டிகளில் அடுக்குமொழிக்கே பரிசு கொடுத்து வந்திருக்கிறோம். எதுகை தவறினால் புள்ளியைக் குறைத்தோம், பொய் எழுதினால் குறைக்கவில்லை.

இதே பிள்ளைகள் வாயால் கதை சொல்லிக் கேட்க வேண்டும். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பையன் ஒருவன், கன்டீனில் பிளேன்டீயோடு இருந்து, பெரும்போகத்து அறுவடைக் காலத்தில் யானை வந்த இரவைச் சொன்னான். தகப்பன் காவல் கொட்டிலில். கையில் இருந்த யானை வெடி நனைந்துபோய்ப் பற்றவில்லை. யானை வரம்பில் நின்று நிதானமாகக் கதிரைச் சுருட்டுகிறது. அப்பாச்சி அரிக்கன் லாம்போடு வாசலுக்கு வந்து, வங்கிக் கடனுக்கு யார் பொறுப்பு என்று யானையிடம் கேட்கிறா. மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் எவ்வளவு நெல் மிஞ்சியது என்று அவன் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மாதமே அவன் போட்டிக்கு அனுப்பிய கவிதை ‘வன்னித் தாயே, வாழி நீ’ என்று தொடங்கியது. யானையும் இல்லை, அப்பாச்சியும் இல்லை.

போரைப் பற்றி எழுதுவதையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும், கொஞ்சம் கவனமாக. இன்று இறுதி வருடத்தில் இருக்கும் வன்னிப் பிள்ளைகள் பலர் 2009இல் சிறு குழந்தைகள். அவர்களின் கவிதைகளில் பெரியவர்கள் சொல்லிப் பழகிய சொற்களே திரும்ப வருகின்றன. ஒரு மாணவியிடம் உமக்கு நினைவில் இருப்பது என்ன என்று கேட்டேன். செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தண்ணீர் பவுசர் வருவதற்கு முன்னரே வாளியை வரிசையில் வைத்து இடம்பிடித்ததைச் சொன்னாள். தங்கள் வாளி பச்சை நிறம், அதன் பிடி உடைந்து கம்பி கட்டியிருந்தது, ஒருநாள் யாரோ அதை மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள், அம்மா அன்றைக்குத்தான் அழுதா. இதை ஏன் எழுதவில்லை என்றால், இது இலக்கியமா சேர் என்கிறாள்.

இன்னொன்று. பம்பைமடுவில் இருந்த விடுதிக் கட்டடங்கள் 2009இல் முகாமாகப் பயன்பட்டவை. அப்போது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம், தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஆகஸ்ட்டில்தான். பகிடிவதைக் கதை, காதல் கதை, பரீட்சைக்கு முதல்நாள் இரவுக் கதை எல்லாம் அந்த வளாகத்திலிருந்து எழுதப்படுகின்றன. தாங்கள் பாய் விரிக்கும் இடத்தில் முன்னர் யார் படுத்திருந்தார்கள் என்ற கேள்வி என் கைக்கு வந்த ஒரு மாணவர் மலரிலும் இல்லை. அநுராதபுரத்திலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்து இவர்களோடு ஒரே ஆய்வுகூடத்தில் நிற்கும், ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் சிங்களப் பிள்ளைகளும் கதைகளுக்குள் வருவதில்லை. நேரில் நல்ல கூட்டாளிகள்தான். கடன் வாங்குகிறார்கள், கொடுக்கிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் மட்டும் காணாமல் போகிறார்கள்.

முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் விடியும்வரை ஆடிவிட்டு, காலைப் பஸ்ஸில் வந்து விரிவுரையில் தூங்கி விழும் பையன்கள் இருக்கிறார்கள். விடிய விடிய ஒரு சனத்தை இருத்திவைப்பது எப்படி என்று அவனுக்கு உடம்பால் தெரியும். அவனுக்குச் சிறுகதைப் பட்டறை நடத்தப் போகிறவர்கள் முதலில் அவனிடம் நாலு கேள்வி கேட்பது நல்லது.

பட்டறைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மலர் வெளியிடுகிற மாணவர் சங்கங்களிடம் மட்டும் ஒன்று கேட்பேன். உங்கள் மலரைத் திறந்தால் முதலில் வருபவை வாழ்த்துச் செய்திகள். துணைவேந்தர், பீடாதிபதி, துறைத்தலைவர், பெரும்பொருளாளர், தலைவர், செயலாளர் என்று ஆளுக்கொரு பக்கம், படத்தோடு. கதை தொடங்கும்போது காசு முடிந்துவிடும், எழுத்தின் அளவு சுருங்கிவிடும். எல்லா வாழ்த்தையும் ஒரே பக்கத்தில் அடக்குங்கள். மிஞ்சும் பக்கங்களில் அந்த யானையும் அந்தப் பச்சை வாளியும் தாராளமாகக் கொள்ளும். வாழ்த்தியவர்கள் கோபிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். அந்தச் செய்திகளில் பாதியை அவர்களுக்காக எழுதிக் கொடுப்பதே உங்கள் இதழாசிரியர்தானே.

நன்றி, வணக்கம்.