ராணிப்பேட்டை மெஷினும் பெர்க்லி வாத்தியாரும்

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல், கெமிக்கல் படிக்கற பசங்க நெறைய வந்திருக்கீங்க, நேரா விஷயத்துக்கே வரேன். நம்ம ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில ஈஎஸ்பி, அதாவது எலக்ட்ரோஸ்டாடிக் ப்ரெசிபிடேட்டர், செய்யறாங்க இல்ல, அனல் மின் நிலையத்துல புகை சிம்னிக்குப் போறதுக்கு முன்னாடி சாம்பலை புடிச்சு வெக்கற மெஷின், அதை தொழிற்சாலையில ஓடற நெலைக்குக் கொண்டாந்தவர் ஒரு காலேஜ் வாத்தியார்தான். ஃபிரெடரிக் காட்ரெல், கலிஃபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டியில கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுத்தவர்.

அவருக்கு முன்னாடியே பிரிட்டன்ல ஆலிவர் லாட்ஜ்னு ஒரு பிசிக்ஸ் விஞ்ஞானி ஈயம் உருக்கற ஆலையில இதை ட்ரை பண்ணார், கரண்ட் குடுத்த மெஷினுக்கு தெம்பு பத்தல, நின்னு போச்சு. காட்ரெல் புடிக்க நெனச்சது தூசி கூட இல்ல, கந்தக அமில ஆலையில கெளம்பற அமிலப் பனி. கம்பியில ஹை வோல்டேஜ் ஏத்திப் பாத்துக்கினு இருக்கும்போது நூல் சுத்தின கம்பி மட்டும் இருட்டுல நெடுக ஒளி விடுது, ஏன்னா நூலோட பிசிறு முனை ஒவ்வொண்ணுல இருந்தும் கரண்ட் கசியுது, அது காத்துல மெதக்கற துளிக்கு சார்ஜ் ஏத்துது, சார்ஜ் ஏறின துளி எதிர்ல இருக்கற தகட்டுல போய் ஒட்டிக்குது. வேற யாரா இருந்தாலும் அந்த வெளிச்சத்தை பாத்துட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாங்க, இவரு அங்கியே நின்னார். 1908ல பேட்டன்ட். அப்புறம் கலிஃபோர்னியாவுலயே தெக்குப் பக்கம் சிமென்ட் ஆலை தூசி ஆரஞ்சு தோப்புல விழுந்து விவசாயிங்க கோர்ட்டுக்குப் போக, அங்கியும் இதுதான் கைகுடுத்துச்சு. 1912ல ரிசர்ச் கார்ப்பரேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சு பேட்டன்ட் உரிமைய அதுக்கே குடுத்துட்டார். அந்தக் காசுதான் பின்னால காடார்டுங்கற விஞ்ஞானியோட ராக்கெட்டுக்கும், லாரன்ஸுங்கறவரோட சைக்ளோட்ரானுக்கும், அதாவது அணுத்துகளை சுத்த விட்டு வேகம் ஏத்தற மெஷினுக்கும், போச்சு.

தூசின்னா எல்லாம் ஒண்ணு இல்லப்பா. மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. அசையாத காத்துல 10 மைக்ரான் கல் தூசி ஒரு மீட்டர் எறங்க சுமார் 2 நிமிஷம், 1 மைக்ரான்னா 3 மணி நேரமாச்சும் ஆகும், ஸ்டோக்ஸ் விதிப்படி விட்டம் பத்துல ஒண்ணானா வேகம் நூறுல ஒண்ணாயிடும். ரைஸ் மில்லுல கூம்பா நிக்குதே சைக்ளோன், அது காத்தை சுழல விட்டு பெரிய தூசியை சுவத்துல தள்ளி கீழ எறக்கிடும், 5 மைக்ரானுக்குக் கீழ அதுக்கு பிடி தளந்துடும். நுரையீரல் ஆழம் வரைக்கும் போறது அந்தச் சின்னதுதான். கருங்கல் தூசியில சிலிக்கா இருக்கு, வருஷக்கணக்கா உள்ள போனா சிலிகோசிஸ், நுரையீரல் தழும்பாயிடும், அதை திரும்ப சரி பண்ண மருந்து இல்ல.

மின் நிலையத்துக்கு ஈஎஸ்பி போட ஆள் இருக்காங்க. நம்ம பக்கத்து சின்ன கல் ஒடைக்கற க்ரஷருக்கு, தோல் ஷெட்டுல தோலைத் தேய்க்கற பஃபிங் மெஷின்கிட்ட நிக்கற அக்காவுக்கு யாரு டிசைன் பண்றது? தூசி கெளம்பற எடத்தை மூடி, ஹூட் வெச்சு உறிஞ்சி, துணிப் பையால தூசியை வடிகட்டற பேக் ஃபில்டருக்குக் கொண்டு போகணும், அதோட ஃபேன் இழுக்கற கரண்டு பில்லை சின்ன ஓனர் தாங்கணும். இதுக்கு ஒரு ஆயுசு வேலை இருக்கு, பிஹெச்டி பண்ணி வாத்தியாரா இங்கியே வாங்க. இந்த வருஷம் ப்ராஜெக்ட் எடுக்கறவங்க மொதல்ல தூசியை அள்ளிக்கினு வந்து லேப்ல சைஸ் பாருங்க, எந்த மெஷின்னு அதுக்கப்புறம் பேசலாம்.