தீப்பட்டது கையில், எரிவது தொடையில்!

கையில் ஆழமான தீக்காயம். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியாயிற்று. மறுநாள் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் பலர் என்ன சொல்வார்கள் தெரியுமா? "கை பரவாயில்லை சார், தொடைதான் உயிர் போகுது!"

காரணம் இதுதான். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு நுனிகளும் சேர்ந்தே வெந்துவிடும். தொடையிலோ டெர்மடோம் என்ற கருவி அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தோலைச் சீவி எடுத்திருக்கிறது, கேரட் சீவுகிற மாதிரி (சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்கள் மன்னிக்கவும்). நரம்பு நுனிகள் அப்படியே திறந்து கிடக்கும். பைக்கிலிருந்து விழுந்து முட்டி சிராய்த்தால் எரியுமே, அதைத் தொடை அகலத்துக்கு விரித்துப் பாருங்கள்.

தோல் திரும்ப வளருமா? வளரும். அடியில் மிச்சமிருக்கும் மயிர்க்கால்களிலிருந்து புதுச் செல்கள் கிளம்பிப் பரவும். சுமார் இரண்டு வாரம்.

"காற்றாட விடு, காய்ந்தால் ஆறிடும்" என்பார்கள் வீட்டில். 1962-லேயே ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் காயத்தைப் பாலிதீனால் மூடிப் பார்த்துவிட்டார். திறந்து விட்டதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடியது. ஈரத்தில் செல்கள் வழுக்கிக்கொண்டு போகும், பொருக்கு கட்டினால் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டும்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். வாழையிலை! சாம்பார் சாதத்தைக் கடைசிப் பருக்கை வரை வழித்தாலும் இலையில் ஒன்றும் ஒட்டாது இல்லையா, அந்த மெழுகு வழுவழுப்புதான் விஷயம். வாஸ்லின் தடவிய காஸ் துணி உலர்ந்து காயத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது புதுத்தோலையும் சேர்த்து இழுக்கும். மும்பை மருத்துவர்கள் தோல் எடுத்த இடத்தில் அந்தத் துணியையும் வாழையிலையையும் ஒப்பிட்டு 2003-ல் எழுதினார்கள்: இலைக்கு வலி குறைவு, பிரிப்பதும் சுலபம். அது கிருமி நீக்கிய இலை, ஐயா! கொல்லையில் அறுத்துக் கட்டிக்கொண்டு கமென்டில் வந்து திட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் பொதுவாகப் பாலியூரித்தேன் படலம், கடல்பாசியிலிருந்து செய்த ஆல்ஜினேட், சிலிகான் ஃபோம் என்று போடுவார்கள்; எல்லாமே ஈரம் காப்பவை. என்னைக் கேட்டால், கட்டின் பெயரைவிட அதை எத்தனை தடவை பிரிக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், நர்ஸ் சலைன் ஊற்றி ஊறவைத்து எடுப்பார். வலி மாத்திரையைக் கட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்குங்கள், அலறிய பிறகு அல்ல. நாற்றம், சீழ், காய்ச்சல், குறைந்த வலி திடீரென்று ஏறுவது, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

ஆறிய பிறகு? அரிக்கும். நன்றாகவே அரிக்கும். அதற்குத் தனி வீடியோ.