ஏஐக்கு ஒரு ரூம் சாவி போதும், வீட்டுச் சாவி வேணாம்

வணக்கம் மக்களே. வேளச்சேரில இப்ப மழை, பின்னாடி சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க.

அப்பாவோட பழைய வீட்டுப் பத்திரம் 64 பக்கம் ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன். "இதுல இருக்கிற தமிழை எழுத்தா எடுத்துக் கொடு"ன்னு ஏஐ கிட்ட சொல்லி, லேப்டாப் டெர்மினலையும், அதாவது கமாண்ட் அடிச்சு வேலை வாங்குற இடத்தையும், திறந்து விட்டுட்டேன். அது டெசராக்ட்னு, படத்துல இருக்கிற எழுத்தைப் படிக்கிற சாஃப்ட்வேரைப் போட்டு ஓட்டுச்சு, சரி. கூடவே நான் கேக்காமலே ஃபைல் பேரையும் மாத்துச்சு. ஒரே பேர்ல ரெண்டு விழுந்து, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, நாலு பக்கம் போயிடுச்சு. ஒரிஜினல் அம்மா பீரோவுல இருந்ததால தப்பிச்சேன்.

அதுக்கப்புறம் டெர்மினல் அனுமதியை எடுத்துட்டேன். இப்ப டெசராக்ட் டாக்கர் கன்டெய்னர் உள்ள இருக்கு, அதாவது லேப்டாப்ல மத்ததைத் தொடாம தனியா ஓடுற ஒரு பெட்டிக்குள்ள. அந்தப் பெட்டிக்கு அடித்தளமா நான் எடுத்த டெபியன் லினக்ஸ் இமேஜ்ல தமிழ் தானா வராதுங்க, "டெசராக்ட்-ஓசிஆர்-டேம்" பேக்கேஜைத் தனியா போடணும். அதுக்கு மேல பைத்தான்ல ஒரு சின்ன எம்சிபி சர்வர். எம்சிபின்னா 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்டது, ஏஐயும் டூலும் பேசிக்கிற முறை. என் சர்வருக்குத் தெரிஞ்சது ஒரே வேலை: பக்கத்தைப் படி. எந்த கமாண்டையும் ஓட்டுற மாதிரி ஒரு டூல் வச்சீங்கன்னா, இவ்ளோ கஷ்டப்பட்டதுக்கு அர்த்தமே இல்ல.

ஸ்கேன் ஃபோல்டரை கன்டெய்னர் உள்ள தெரியிற மாதிரி மவுன்ட் பண்றப்ப கடைசில "கோலன் ஆர்ஓ" போடுங்க. படிக்கலாம், தொட முடியாது. கன்டெய்னரை ஓட்டுற "டாக்கர் ரன்" கமாண்டுல கை பழக்கத்துல ஐ, டி ஆப்ஷன் ரெண்டையும் அடிப்போம் பாருங்க, இங்க ஐ மட்டும்தான். டி போட்டா "இன்புட் டிவைஸ் இஸ் நாட் எ டிடிஒய்"னு அங்கயே நின்னுடும். ஏன்னா டி கேக்குறது டெர்மினலை, அந்தப் பக்கம் கீபோர்ட் இல்ல, ரெண்டு புரோகிராம் பேசிக்கிற பைப் இருக்கு. பைத்தான்ல பிரின்ட்டும் வைக்காதீங்க, அது போற ஸ்டான்டர்ட் அவுட்புட்தான் இங்க எம்சிபி பேசுற வழி. லாகெல்லாம், அதாவது ஓடுறப்ப எழுதுற குறிப்பெல்லாம், ஸ்டான்டர்ட் எரர்ங்கிற இன்னொரு வழில போகட்டும்.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. கன்டெய்னரோட நெட்டை அடைக்கிற "நெட்வொர்க் நன்" போட்டுட்டா பத்திரம் வெளிய போகாதுன்னு நினைச்சுடாதீங்க. கன்டெய்னர் தர்ற பதில் நேரா ஏஐக்குத்தான் போகுது, அது ஓடுறது வேற யாரோ சர்வர்ல. அதனால எழுத்தைத் தனி ஃபோல்டர்ல எழுத வச்சுட்டேன். ஏஐக்கு "முடிஞ்சது"ங்கிற ஒரு வரி மட்டும்தான் போகும்.

அச்சடிச்ச பக்கமெல்லாம் நல்லா வருது. கைப்பட எழுதின 11 பக்கம் டெசராக்ட்டுக்குப் பிடிபடல. அதை ராத்திரி சாப்பிட்டதும் அம்மா படிக்கிறாங்க, நான் டைப் பண்றேன். இன்னும் ஏழு பாக்கி.