ஒரு தொடை எலும்பை வைத்து ஆளின் உயரத்தைச் சொல்ல முடியுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, கண்மாயில் தூர் வாரும்போது ஒரு தொடை எலும்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அளந்து, ஆள் ஐந்தரை அடி என்று சொல்லிவிடுகிறார்களே, எப்படி? காணாமல் போனவர் இவர்தான் என்று அதைக் கொண்டு முடிவு கட்டலாமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டக் கூடாது. 'இவர் இல்லை' என்று ஒருவரைக் கழித்துவிடத்தான் உயரம் உதவும். 'இவர்தான்' என்று சொல்லப் பல்லும் மரபணுவும் பேச வேண்டும்.

இனி, எப்படி என்பதற்கு வருவோம். 'எறும்பும் தன் கையால் எண் சாண்' என்று நம் ஊரில் சொல்வோம் அல்லவா? அதில் 'தன் கையால்' என்பதைக் கவனியுங்கள். என் சாணால் உங்களை அளந்தால் கணக்கு உதைக்கும். ஒருவருடைய உறுப்புக்கும் அவருடைய உயரத்துக்கும் ஒரு விகிதம் இருக்கிறது. ஸ்தபதிகள் முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று கொண்டு சிலை முழுவதையும் வகுப்பதும் இந்த நம்பிக்கையில்தான். ஆனால் சிலை சொன்னபடி கேட்கும், மனிதர்கள் கேட்க மாட்டார்கள்!

நம் நாட்டு ஆய்வாளர்களும் முதலில் ஸ்தபதி வழியில்தான் போனார்கள். எலும்பின் நீளத்தை ஓர் எண்ணால் பெருக்கு, உயரம் வரும். தொடை எலும்புக்கு வங்காளம், பீகார் பக்கம் 1924-இல் பான் என்பவர் கண்ட எண் ஏறக்குறைய 3.8. உத்தரப் பிரதேசத்துக்கு 3.7, பஞ்சாபுக்கு 3.6 என்று பிறகு வந்தன. 45 செ.மீ. எலும்பைப் பெருக்கிப் பாருங்கள். 171, 166.5, 162! எலும்பு ஒன்று, ஆள் மூன்று. இவற்றில் எதுவும் செட்டிநாட்டு எண்ணும் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. குட்டை ஆளுக்கும் நெட்டை ஆளுக்கும் ஒரே விகிதம் என்று அது கருதுகிறது. அதனால்தான் பெருக்கிய பிறகு ஒரு நிலையான எண்ணைக் கூட்டும் முறை வந்தது. அமெரிக்காவில் டிராட்டர், கிளேசர் இருவரும் 1952-இல், வெள்ளையின ஆண்களுக்கு, தொடை எலும்பின் நீளத்தை 2.38-ஆல் பெருக்கி 61.41-ஐக் கூட்டச் சொன்னார்கள். நம் 45 செ.மீ. எலும்புக்கு 168.5 வரும். அதோடு, பிழை 3.27 கூடலாம், குறையலாம் என்றும் எழுதினார்கள். நூற்றில் தொண்ணூற்றைந்து பேராவது அடங்க வேண்டுமானால் அந்தப் பிழையை இரட்டிக்க வேண்டும். அப்போது 162 முதல் 175 வரை, அதாவது ஐந்தடி நான்கு அங்குலத்திலிருந்து ஐந்தடி ஒன்பது வரை. காரைக்குடி பஸ் நிலையத்தில் நிற்கும் ஆண்களில் பாதிப் பேர் இதற்குள் வந்துவிடுவார்கள். பத்திரிகையில் வரும் 'ஐந்தரை அடி' இந்த வரம்பின் நடுப்புள்ளி, அவ்வளவுதான். அதுவும், எலும்பு ஆணுடையது என்று தெரிந்த பிறகு போடும் கணக்கு. பெண்ணுக்குச் சமன்பாடே வேறு.

அளப்பதிலும் வம்பு உண்டு. அதே டிராட்டர், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பை அளந்தபோது, கணுக்காலின் உட்புறம் துருத்தி நிற்கும் முனையை விட்டுவிட்டு அளந்திருக்கிறார். எழுதியதோ சேர்த்து என்று. 1990-களில்தான் இது வெளியே வந்தது. அதுவரை எழுதியபடி அளந்தவர்களுக்கெல்லாம் ஆள் இரண்டரை செ.மீ. போல உயர்ந்தே கிடைத்திருப்பார். எனக்குப் பிடித்த கதை இது. மாணவர்களிடம் சொல்லாமல் விட்டதில்லை.

கடைசியாக ஒன்று. குடும்பத்தார் சொல்லும் உயரம் எந்த வயதில் எடுத்தது? எழுபத்தைந்து வயது ஆச்சியின் தொடை எலும்பு சுருங்கியிருக்காது, ஆனால் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் தேய்ந்திருக்கும். முப்பதுக்கு மேல் ஆண்டுக்கு 0.06 செ.மீ. என்று டிராட்டர் கணக்கில் கழித்தால், ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விடும். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள உயரத்தை நம்பி ஆளைக் கழித்துவிடாதீர்கள். வீட்டுக் கல்யாணத்தில் வளவுத் தூணை ஒட்டி நின்று எடுத்த புகைப்படம் இருந்தால் அதையும் போலீசாரிடம் கொடுங்கள். தூண் இன்னும் அங்கேதானே நிற்கிறது, அதை அளந்து ஒப்பிட்டுக்கொள்வார்கள்.