மலை தெரியும் ரூமுக்கு 150 ரூபாய் கூடுதலாம்! ஆழ்வார்குறிச்சியில் ரெண்டு நாள்

வணக்கம் மக்களே. முதலில் அந்த 150 ரூபாய் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு வேறு பேச்சே வராது.

வெள்ளிக்கிழமை ராத்திரி அம்பாசமுத்திரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டேன். பெயர் சொல்ல மாட்டேன், கமெண்டிலும் கேட்காதீர்கள். குற்றாலத்தில் சாரல் நேரம், எங்கே பார்த்தாலும் கூட்டம், அதனால் கிடைத்ததே பெரிது. சாதா ரூம் 900, மலை பார்த்த ரூம் 1,050 என்றார் கவுன்டரில் இருந்த அண்ணாச்சி. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஜன்னல் சீட் இல்லையென்றால் அந்த பஸ்ஸையே விட்டுவிடுகிற ஆள். 150 தானே என்று கொடுத்துவிட்டேன். ராத்திரி இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து, ட்ரைபாட் விரித்து, கேமராவை ஆன் பண்ணிவிட்டு ஜன்னலைத் திறந்தால், எதிரே கறுப்பாக ஒரு தண்ணீர்த் தொட்டி. பக்கத்து மாடித் தொட்டி. அதிலிருந்து ஒழுகுகிற தண்ணீரை ஒரு காக்கா குடித்துக்கொண்டிருந்தது. இப்போது ஸ்க்ரீனில் ஓடுவது அதுதான், எடுத்த பாவத்துக்குப் போட்டிருக்கிறேன்.

கீழே போய், "அண்ணாச்சி, மலை எங்க?" என்றேன். அவர் மாடிக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். என் கட்டில் மேல் ஏறி நின்று தலையை இடப்பக்கம் சாய்த்து, "இந்தா தெரியுதுல்லா" என்றார். நானும் ஏறி நின்றேன். தொட்டிக்கும் தென்னைமரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, அதில் வெள்ளையாக மேகம். "மேகம் போட்டிருக்கும்மா, அதுக்கு நான் என்ன செய்ய?" என்று இறங்கிப் போய்விட்டார்.

சரி, ஏன் அங்கே போனேன் என்பதைச் சொல்லவே இல்லை பாருங்கள். போன தீபாவளி வீடியோவில் அதிரசத்தைக் கருகவிட்டாளே என் சித்தி மகள், அவள் இப்போது அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆழ்வார்குறிச்சியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். அந்தப் பல்கலைக்கழகம் திருநெல்வேலி பக்கம் அபிஷேகப்பட்டியில்தானே என்று கேட்பீர்கள். தலைமை வளாகம் அங்கேதான், பல்கலைக்கழகம் 1990-ல் ஆரம்பித்தது. ஆனால் சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தை மட்டும் மலையடிவாரத்தில், ஆழ்வார்குறிச்சியில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு காரியத்துக்கே யோசித்தவருக்கு மாலை போடலாம், காட்டைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகள் காட்டுப் பக்கம்தானே இருக்க வேண்டும். பரமகல்யாணி கல்லூரியும் இங்கேதான், 1964-லிருந்து இருக்கிறது. மற்ற நாளில் பையும் சைக்கிளுமாக இருக்கும் தெருவெல்லாம் சனிக்கிழமை மதியத்தோடு அடங்கிவிடுகிறது. ஜெராக்ஸ் கடைகூடப் பாதி ஷட்டர்தான். எனக்கு இந்த மாதிரி ஊர்தான் பிடிக்கும். குற்றாலத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு வரிசையில் நிற்பதற்கு இது ஆயிரம் மடங்கு மேல், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ரயிலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகிற ரயில், இடப்பக்கம் உட்காருங்கள், இதை நான் எத்தனை வீடியோவில் சொன்னாலும் வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டு ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதுகிறீர்கள். சேரன்மகாதேவி தாண்டினால் வயலுக்குப் பின்னால் மலை கூடவே வர ஆரம்பிக்கும். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் தாமிரபரணிப் பாலம், அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளம் வாங்கினேன். ஏழு கட்டு. அம்மா ஐந்துதான் கேட்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் சித்தி மகளும் நானும் கடனா அணைக்குப் போனோம். 85 அடி அணை. நான் அணையைவிடப் பின்னால் இருக்கிற காட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதாவது மேகத்துக்குள் காடு இருக்கிறது என்று அவள் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததை அவள் பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். இந்தக் கடனா தண்ணீர் திருப்புடைமருதூரில் போய்த் தாமிரபரணியோடு சேர்கிறதாம். அப்படியென்றால் பாளையங்கோட்டையில் நான் குடிக்கிற தண்ணீரில் இதுவும் கொஞ்சம் இருக்கும், எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. அப்போது பெரிதாக ஒரு பறவை புதருக்குள் தாவியது. "இருவாட்சி! இருவாட்சி!" என்று கத்தி ஜூம் பண்ணி நாலு நிமிஷம் எடுத்துவிட்டேன். "அக்கா, அது செம்போத்து. நம்ம வீட்டு முருங்கையிலயே வரும்" என்றாள். அந்த நாலு நிமிஷத்தை வெட்டிவிட்டேன்.

அங்கிருந்து சிவசைலம் சிவன் கோயில். கல்லூரிக்குப் பெயர் கொடுத்த பரமகல்யாணி அம்மன் இருப்பது இந்தக் கோயிலில்தான், மேற்குப் பார்த்த கோயில். நந்தி எழுந்திருக்கப் போகிற மாதிரி இருக்கும், நிஜமாகவே நான் ஓரடி பின்னால் போனேன். சிற்பி அவ்வளவு தத்ரூபமாகச் செய்ததால் நந்தி உயிர் வந்து எழப் பார்த்ததாம், உளியால் ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்தார்களாம். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு கதை. பிரசாதப் பூவில் முடி இருந்ததைப் பார்த்து ராஜா கோபப்பட, அது சாமியின் சடைமுடிதான் என்று அர்ச்சகர் பயத்தில் சொல்லிவிட்டார். காட்டு என்று ராஜா கருவறைச் சுவரில் துளை போடச் சொல்லிப் பார்த்தால், லிங்கத்தின் பின்னால் நிஜமாகவே சடை. இன்றைக்கும் பின்பக்கம் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். நானும் எக்கிப் பார்த்தேன். ராஜாவுக்குச் சுவரை இடித்தாவது கேட்டது கிடைத்தது, எனக்கு 150 ரூபாய் கொடுத்தும் தொட்டிதானே என்று அங்கேயே வயிறு எரிந்தது. சாமி சந்நிதியில் நினைக்கக்கூடாதுதான்.

சாப்பாடு: உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், சித்தி மகளின் தோழி வீட்டில். பத்துக்குப் பத்து. டீக்கடை வாழைக்காய் பஜ்ஜி, பத்துக்கு நாலு, காய் இருந்ததா என்றே சந்தேகம்.

லாட்ஜுக்குத் திரும்பினதும் விடவில்லை. "தொட்டி பார்த்த ரூமுக்கு எதுக்கு 1,050? ரெண்டாம் நாளைக்கு என்னை 900 ரூபாய் ரூமுக்கு மாத்துங்க, நேத்து வாங்கின 150-ஐயும் குடுங்க" என்று நின்றேன். வாதம் இருபது நிமிஷம் போனது. நடுவில் அவர் எனக்கு டீ வரவழைத்தார், நான் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கடைசியில் மூன்று ஐம்பது ரூபாய்த் தாள், இதோ பாருங்கள், இன்னும் செலவழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த 900 ரூபாய் ரூமில் பல் தேய்க்கிறேன், பாத்ரூம் வென்டிலேட்டரில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினால், மக்களே, முழு மலை! மேகம் ஒரு பொட்டு இல்லை, மடிப்பு மடிப்பாக, ஒரு இடத்தில் வெள்ளிக் கோடு மாதிரி அருவி. வாயில் நுரையோடு பத்து நிமிஷம் வாளி மேலேயே நின்றேன். கொஞ்சம் ஆடும், வாளிதான் காரணம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். சாவியைக் கொடுக்கும்போது சந்தோஷத்தில் அண்ணாச்சியிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்போ அந்த ரூமுக்குல்லா 150 போட்டிருக்கணும்" என்றார்.