ஆப்பிள்காரர்கள் காத்த செர்ரி மரங்கள்

அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

ஜப்பானின் செர்ரிப் பூ விழாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருக்கிறீர்கள். ஏப்ரல் மாதத்துப் பூக்களிலிருந்து தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பிப்ரவரி மாதத்துப் பனியிலிருந்து தொடங்குகிறேன்.

ஹொன்ஷூ தீவின் வடகோடியில் அவோமோரி மாகாணம். அதில் ஹிரோசாகி என்றொரு ஊர். பிப்ரவரியில் அங்கே முழங்கால் புதையும் அளவுக்குப் பனி கிடக்கும். ஊரின் நடுவே பழைய கோட்டை. அதைச் சுற்றி மூன்று அகழிகள். அகழிக்கரை எங்கும் செர்ரி மரங்கள். நான் முதன்முறை அந்தப் பூங்காவுக்குப் போனபோது மரத்துக்கு மரம் ஏணி சாத்தியிருந்தது. ரம்பமும் கத்தரியுமாக ஆட்கள் மேலே நின்று கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே பனியின் மேல் கிளைகள் குவிந்து கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கணுவுக்குக் கணு மொட்டு. இன்னும் இரண்டு மாதத்தில் விரிய வேண்டிய மொட்டு! எனக்கு நெஞ்சு பதைத்தது.

பதைத்ததற்குக் காரணம் உண்டு. செர்ரி மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது ஜப்பானில் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. 'சகுரா கிரு பாக்கா, உமே கிரானு பாக்கா' என்று அங்கே ஒரு பழமொழி வழங்குகிறது. செர்ரியை வெட்டுகிறவன் முட்டாள், உமே என்ற ஜப்பானியப் பிளம் மரத்தை வெட்டாமல் விடுகிறவனும் முட்டாள் என்று பொருள். வெறும் பயத்தில் பிறந்த பழமொழி இல்லை இது. செர்ரி மரத்தில் பட்ட வெட்டு எளிதில் மூடிக்கொள்வதில்லை. அந்த வாய் வழியாகப் பூஞ்சை உள்ளே இறங்கி, கட்டையை அரித்து, மரத்தையே பொந்தாக்கிவிடும். பல தலைமுறைகள் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை அது. அதை மீறி வெட்டுகிற ஊர் ஹிரோசாகி. இன்று நாட்டிலேயே மிகச் சிறந்த செர்ரிப் பூங்காக்களில் ஒன்று என்று ஜப்பானியர்கள் கொண்டாடுவதும் அதே ஊரைத்தான். இந்த இரண்டும் எப்படிப் பொருந்தின என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

முதலில் மரத்தைத் தெரிந்துகொள்வோம். செர்ரியில் இனங்கள் பல. ஹிரோசாகிப் பூங்காவில் மட்டும் 52 வகைகள், ஏறத்தாழ 2,600 மரங்கள். ஆனால் ஜப்பான் முழுதும் பூக்காலம் என்று சொல்லும்போது கண்முன் வருவது சோமெய் யோஷினோ என்ற ஒரே வகை. இன்று டோக்கியோ எனப்படும் பழைய எடோ நகரை அடுத்திருந்த சோமெய் என்ற சிற்றூர்த் தோட்டக்காரர்கள் பரப்பியது. இலை துளிர்ப்பதற்கு முன்பே மரம் முழுக்க வெளிர்ச் சிவப்பாகப் பூத்து நிற்கும். இந்த வகை விதையால் பெருகுவதில்லை. தன் இனத்து மகரந்தத்தால் காய் பிடிக்காது. வேறு வகையோடு கலந்து விதை வந்தாலும், முளைப்பது சோமெய் யோஷினோவாக இருக்காது. ஆகவே ஒட்டுக்கட்டித்தான் வளர்க்க வேண்டும். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒட்டு மாமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்மரத்தின் ஒரு குச்சிதானே அது? அதுபோல, டோக்கியோவின் ஆற்றங்கரையில் நிற்பதும், கியூஷூவின் பள்ளிக்கூட வாசலில் நிற்பதும், ஹிரோசாகியின் அகழிக்கரையில் நிற்பதும் ஒரே மரத்தின் குச்சிகள். அதனால்தான் ஓர் ஊரில் உள்ள மரங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே வாரத்தில் பூக்கின்றன. மனிதக் கை ஒன்று கத்தியும் நாருமாக முன்வராவிட்டால் இந்த மரத்துக்கு அடுத்த தலைமுறை கிடையாது. செர்ரிப் பூவின் நிலையாமையைப் பாடாத ஜப்பானியக் கவிஞர் இல்லை. அந்தத் தோட்டக்காரர் கையையும் நான் கூடவே நினைத்துக்கொள்கிறேன்.

ஹிரோசாகியின் கதைக்கு வருகிறேன். கோட்டை 1611இல் கட்டி முடிக்கப்பட்டது. சுகாரு குலத்துப் பிரபுக்களின் தலைநகரம் அது. 1871இல் பிரபுக்களின் ஆட்சி முடிந்தது. சாமுராய்கள் சம்பளம் இழந்தார்கள். கோட்டை கவனிப்பாரற்றுப் பாழடைந்தது. அப்போது கிகுச்சி தாத்தேஎ என்ற பழைய சாமுராய் ஒருவர் ஒரு காரியம் செய்தார். 1882இல், தம் முயற்சியில் 1,000 சோமெய் யோஷினோ கன்றுகளைக் கோட்டைக்குள் நட்டார். பாராட்டு கிடைத்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? மற்ற சாமுராய்களுக்குக் கோபம் வந்தது. பிரபு வாழ்ந்த கோட்டையைக் கேளிக்கைத் தோப்பாக்குவதா என்று கொதித்தெழுந்து, கன்றுகளைப் பிடுங்கினார்கள், ஒடித்தார்கள். தப்பியவை சில. அவற்றில் ஒன்று இன்றும் நின்று பூக்கிறது. நான் அதன் அடியில் நின்றிருக்கிறேன். கறுத்து வெடித்த பட்டை, முட்டுக்கொடுத்த கிளைகள், உச்சியில் இளம்பெண் காதுபோல் மென்மையான பூக்கள். ஜப்பானில் உயிரோடிருக்கும் சோமெய் யோஷினோக்களில் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று.

1895இல் கோட்டை நிலம் பொதுமக்களுக்கான பூங்காவாகத் திறக்கப்பட்டது. பிரபுவின் அனுமதியின்றி உள்ளே கால் வைக்க முடியாத இடத்தில் கூலியாளும் வணிகரும் உலவத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் மேலும் மேலும் கன்றுகளைக் கொடுத்தார்கள். 1918இல் முதல் செர்ரிப் பூ விழா நடந்தது.

இந்தக் கிகுச்சிக்கு இன்னொரு முகம் உண்டு. அவோமோரியில் ஆப்பிள் பயிரைப் பரப்பியவர்களில் முன்னோடி அவர். அரசு கொடுத்த ஆப்பிள் கன்றுகள் 1875இல் அந்த மாகாணத்துக்கு வந்தன. சம்பளமிழந்த சாமுராய்கள் வாளை வைத்துவிட்டு வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் நட்டார்கள். இன்று ஜப்பானில் விளையும் ஆப்பிளில் பாதிக்கு மேல் அவோமோரியில்தான் விளைகிறது. ஊர் என்று பார்த்தால் ஹிரோசாகிதான் முதலிடம். ஆப்பிளுக்கு உயிர்நாடி கவாத்து. எந்தக் கிளையை எடுத்தால் எங்கே வெயில் விழும், எந்தத் துளிரை விட்டால் மூன்றாம் ஆண்டு காய்க்கும் என்று பார்த்துப் பார்த்து வெட்டுவது அங்கே தந்தை மகனுக்குக் கற்றுத்தரும் கலை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பூங்காவைப் பார்க்க ஆள் இல்லை. போர் முடிந்தபோது மரங்கள் நோயிலும் முதுமையிலும் தளர்ந்திருந்தன. சோமெய் யோஷினோவுக்கு ஆயுள் அறுபது ஆண்டு என்பது அன்றைய பொதுக் கருத்து. அப்போதுதான் பூங்காவின் பொறுப்பில் இருந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். வெட்டுப்பட்ட சில மரங்களில், வெட்டிய இடத்துக்குக் கீழே இளங்கிளைகள் கொழுகொழுவென்று கிளம்பியிருந்தன. ஆப்பிள் ஊரில் பிறந்தவர்களின் கண் அல்லவா? விட்டுவிடுமா அது? பழமொழியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஆப்பிள் கவாத்தைச் செர்ரிக்குச் செய்து பார்த்தார்கள். வெட்டுவாயில் உடனே மருந்து பூசிப் பூஞ்சையைத் தடுத்தார்கள். மரம் சாகவில்லை. இளமை திரும்பியது!

மல்லிகை பயிரிடுகிறவர்கள் இந்த அவையில் இருந்தால் என்னைவிட நன்றாக இதைப் புரிந்துகொள்வார்கள். பழங்கிளையைச் சுமந்துகொண்டிருக்கிற செடி சோர்ந்து போகும். முதிர்ந்ததை எடுத்தால் புதுக்கிளை வரும். புதுக்கிளையில்தான் பூ செழிக்கும். சாதாரணமாக ஒரு செர்ரி மொட்டிலிருந்து மூன்று, நான்கு பூக்கள் விரியும். ஹிரோசாகி மரங்களில் ஐந்து, ஆறு, சிலசமயம் ஏழும் விரிகின்றன. அதனால்தான் அங்கே கிளைகள் பந்து பந்தாகத் தெரிகின்றன. கிளைகள் உயர ஓடிவிடாமல் அடக்கி வளர்ப்பதால் பூக்கள் முகத்தருகே தாழ்ந்து நிற்கின்றன. சக்கர நாற்காலியில் வந்த ஒரு மூதாட்டி உட்கார்ந்தபடியே பூவுக்குள் முகம் வைத்திருந்ததை நான் பார்த்தேன். வேறெந்தப் பூங்காவிலும் எனக்குக் கிடைக்காத காட்சி.

கவாத்தோடு வேலை முடியாது. குளிர்காலத்தில் உசோ என்ற சிறு பறவைகள் மொட்டுகளைக் கொத்தித் தின்ன வந்துவிடும். சில கிளைகள் பூசணம் பிடித்து, வீங்கி, துடைப்பம்போல் கொத்தாகச் சிறு கிளைகள் விட்டு, பூக்காமல் இலை மட்டும் தள்ளும். அவற்றைத் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். வயதான மரத்தின் பொந்துக்குள் புதுவேர் இறங்கினால் அதைக் காயவிடாமல் மண் வரைக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். பூ முடிந்தவுடன் உரம் வைப்பார்கள். ஜப்பானியத் தோட்டக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஓரெய்கோஎ'. நன்றி உரம்! பூத்ததற்கு மரத்துக்குச் சொல்லும் நன்றி. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. இந்தப் பணிக்கென்றே மரமருத்துவர்களை நகராட்சி வேலைக்கு வைத்திருக்கிறது. சகுராமோரி, அதாவது செர்ரிக் காவலர் என்று அவர்களை ஊர் அழைக்கிறது. நூறு வயதைத் தாண்டிய சோமெய் யோஷினோக்கள் 300க்கும் மேல் அந்த ஒரே பூங்காவில் நிற்கின்றன. அறுபது வயது என்று விதித்த மரங்கள்!

ஏப்ரல் இறுதியில் விழா தொடங்கும். லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள். மரத்தடியில் பாய்போல நீலத் தார்ப்பாலின் விரித்து, குடும்பம் குடும்பமாக அமர்வார்கள். இதற்கு ஹனாமி, பூப் பார்த்தல் என்று பெயர். மற்ற ஊர்களில் மூவண்ணக் கொழுக்கட்டைக் குச்சிகள் முதலிடம் பெறும். ஹிரோசாகி இருக்கும் சுகாரு வட்டாரத்தில் அந்த மாதத்தில் பிடிக்கும் நண்டை அவித்து எடுத்துவருவதுதான் வழக்கம். ஒரு கையில் நண்டுக் கால், தலைக்கு மேல் பூ, தொலைவில் பனி உருகாத இவாகி மலை. மேற்கு அகழியில் படகு வாடகைக்குக் கிடைக்கும். இரவில் விளக்கேற்றியபின் தண்ணீரிலும் ஒரு தோப்பு பூத்து நிற்கும்.

எனக்கு அந்த முதல் வாரத்தைவிட அடுத்த வாரம்தான் பிடிக்கும். உதிர்ந்த பூவுக்கு 'வீ' என்று தனிப்பெயர் வைத்த மொழி நம்முடையது. நீரில் விழுந்து கூட்டமாக மிதக்கும் செர்ரி இதழ்களுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'ஹனா-இகாதா', பூத்தெப்பம். ஹிரோசாகியின் வெளியகழியில் அந்தத் தெப்பம் கரையிலிருந்து கரைவரை மூடிவிடுகிறது. தண்ணீர் தெரியாது. காற்றடித்தால் ஓர் ஓரம் மெல்லச் சுருங்கி, கறுப்பாக ஒரு கோடு தெரிந்து, மறுபடி மூடிக்கொள்ளும். மனிதர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இப்போது ஒரு கவலையும் சேர்ந்திருக்கிறது. பூக்காலம் முன்னால் நகர்கிறது. கியோத்தோவில் செர்ரி பூத்த நாட்களைப் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. 2021இல் அங்கே மார்ச் 26 அன்று மரங்கள் முழுவதும் மலர்ந்தன. அதுவரையிலான ஆயிரத்து இருநூறு ஆண்டுக் குறிப்புகளில் அதைவிட முந்தைய நாள் இல்லை. ஹிரோசாகியிலும் 2023இல் ஏப்ரல் முற்பாதியிலேயே பூத்துவிட்டன. மே மாதத் தொடக்கத்து விடுமுறையில் ஊர் திரும்பும் பிள்ளைகளுக்குப் பூவைக் காட்டிப் பழகிய தாத்தா பாட்டிகள் இப்போது இலையைக் காட்ட நேர்கிறது. கவாத்தால் இதைச் சரிசெய்ய முடியாது. சகுராமோரிகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது இந்த நோய்.

நான் பனியில் எடுத்துப் பார்த்த அந்தக் கிளைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். வெட்டிய கிளைகளை அவர்கள் எரிப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு நாளில் ஊர் மக்களுக்குக் கொடுக்கிறார்கள். காலையிலேயே பனியில் வரிசை நீண்டுவிடும். செய்தித்தாளில் சுற்றிய கிளைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அடுப்பு எரியும் அறையில், தண்ணீர் ஊற்றிய ஜாடியில் வைத்தால், வெளியே பனி விழுந்துகொண்டிருக்கும்போதே அந்த மொட்டுகள் விரிந்துவிடும். எனக்கும் மூன்று கிளைகள் கொடுத்தார்கள். விடுதியின் பால் பாத்திரம் ஒன்றில் வைத்தேன். பதினோராம் நாள் காலையில் முதல் பூ.