இஸ்ஸோ வடையில ஒரு இறால்

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணிக்கும், சீட் கிடைக்காமப் பின்னால சுவரோட சாஞ்சு நிக்கிற உங்களுக்கும் வணக்கம். எட்டு நிமிசத்தில ரெண்டு நிமிசம் வணக்கத்துக்கே போனா கட்டாது, அதனால அவ்வளவுதான்.

நாடுகளுக்கிடையில நியாயத்தைத் தீர்மானிக்கிறது சட்டமா, அதிகாரமா? இதுதான் தலைப்பு. நான் சட்டத்தின்ட பக்கம். உண்மையச் சொன்னா சீட்டுக் குலுக்கினதில இந்தப் பக்கம் விழுந்தனான், விழுந்த பிறகு என்ன செய்யிற, நிண்டுதானே ஆகவேணும்.

எனக்கு முன்னால கதைச்ச தம்பி ஒரு பகிடி விட்டார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீங்கள், நானும் தட்டிப்போட்டன், பிறகுதான் ஆள் எதிரணி எண்டு ஞாபகம் வந்தது. சர்வதேசச் சட்டம் எண்டது கொழும்பு காலிமுகத்திடல்ல விக்கிற இஸ்ஸோ வடை மாதிரியாம். மேல பாத்தா ஒரு இறால், மீசையும் வாலுமா ராசா மாதிரிப் படுத்திருக்கும், கடிச்சா முழுக்கப் பருப்பாம். இறால்தான் ஐநா சாசனம், பருப்பு முழுக்க வல்லரசுகள் எண்டார்.

தம்பி, நீங்கள் கடைசியா எப்ப இஸ்ஸோ வடை வாங்கினீங்கள்? நான் போன கிழமை வாங்கினனான். எனக்கு முன்னால நிண்டவருக்கு வண்டில்காரர் பேப்பரில சுத்திக் குடுக்கேக்க இறால் கழண்டு கீழ விழுந்திட்டுது. மனுசன் பேசாமப் போனவர் எண்டு நினைக்கிறீங்களா? கடல்காத்தில சேட் பறக்க நிண்டு, "அண்ணை, என்ட இறால் எங்க?" எண்டு ஒரே சண்டை. வடை அப்பிடியே முழுசா கையில இருக்கு, வெங்காயம் இருக்கு, சம்பல் இருக்கு, ஆனா அவர் விடேல்ல. ஏன் எண்டா இறால் இருக்கவேண்டிய இடம் அது எண்டு அவருக்குத் தெரியும், விக்கிறவருக்கும் தெரியும், பாத்துக்கொண்டு நிண்ட எனக்கும் தெரியும். பருப்பு வடைக்கு ஆராவது அப்பிடிச் சண்டை பிடிப்பினமா? அந்த ஒரு இறால் மேல இருக்கிறபடியாத்தானே கேக்க வாய் வருது!

மத்திய அமெரிக்காவில இருக்கிற நிக்கரகுவாவும் அப்பிடித்தான் கேட்டது. தன்ட துறைமுகங்களில கண்ணிவெடி போட்டது, கொன்ட்ரா கிளர்ச்சிக்காரருக்கு ஆயுதம் குடுத்தது எல்லாத்துக்கும் அமெரிக்காவை ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1986இல தீர்ப்பு வந்தது, அமெரிக்கா செய்தது பிழை, நட்டஈடு கட்டவேணும் எண்டு. அமெரிக்கா அதுக்கு முதலே வழக்கில இருந்து எழும்பிப் போயிட்டுது, பாதுகாப்புச் சபையில தீர்மானம் வந்தா வீட்டோ, கடைசியா 1991இல நிக்கரகுவாவே வழக்கைக் கைவிட்டுது. ஒரு சதமும் வரேல்ல. ஓம், இது எதிரணிக்குச் சாதகமான கதைதான், தெரியும். அவையள் சொல்ல முந்தி நானே சொல்லிப்போட்டன்.

ஆனா பசிபிக் கடல்ல நவுறு எண்டு ஒரு தீவு நாடு இருக்கு. 21 சதுரக் கிலோமீட்டர், கொழும்பு மாநகரசபை எல்லைக்குள்ள முழுத் தீவையும் வைச்சாலும் இன்னும் இடம் மிஞ்சும். அதின்ட பொஸ்பேற்றைப் பல வருசமாக் கிண்டி எடுத்திட்டு நிலத்தைப் பல்லுப் பிடுங்கின முரசு மாதிரி விட்டிட்டுப் போனாங்கள். 1989இல நவுறு, முந்தித் தன்னை நிர்வாகம் செய்த அவுஸ்திரேலியா மேல வழக்குப் போட்டது. இந்த வழக்கைக் கேக்கவே ஏலாது எண்டு அவுஸ்திரேலியா வாதாடிப் பாத்தது, 1992இல நீதிமன்றம் கேப்பம் எண்டிட்டுது, அடுத்த வருசமே 10 கோடியே 70 லட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு இணக்கம். அந்தத் தீவுக்காக முதல்ல விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கி நிலத்தின்ட கணக்கை எழுதினது ஆர் தெரியுமா? கொழும்பில பிறந்த கிறிஸ்டோபர் வீரமந்திரி. அவர்தான் பிறகு ஹேக்கில நீதியரசரா இருந்து, 1997இல டான்யூப் ஆத்து அணைக்கட்டு வழக்கில எங்கட நாட்டுப் பழைய குளங்களைப் பற்றியும் எழுதினவர். ஐரோப்பாவில ரெண்டு நாட்டுக்குச் சண்டை, தீர்ப்போட சேர்த்து வைச்ச கருத்தில எங்கட குளத்துத் தண்ணி!

முதல் மணியா ஐயா? சரி, அப்ப மாமான்ட கதை.

எங்கட லேனில ஒரு மாமா இருந்தவர். பென்சன் எடுத்த கிளாக். அவற்ற கேட்டுக்கு முன்னால ஒவ்வொரு நாளும் ஒரு பெரிய ஜீப் வந்து நிக்கும். ஜீப்காரருக்குச் செல்வாக்கு, கேட்டா கேக்கமாட்டார். மாமா ஒரு சீஆர் கொப்பி வாங்கினார். திகதி, மணி, வாகன நம்பர், ஒவ்வொரு நாளும் எழுதினார். "எழுதுங்கோ மாமா, முடிஞ்சா அச்சடிச்சு வெளியிடுவம்" எண்டு ஜீப்காரர் சிரிப்பார். ஒரு வருசம் போனது. பிறகு ஆள் கொப்பியைக் கண்டா "பத்து நிமிசம்தான் மாமா" எண்டு தானாச் சொல்லத் தொடங்கினார். மாமா அதையும் எழுதுவார்: பத்து நிமிசம் எண்டார், நாப்பது நிமிசம். கவனியுங்கோ, ஜீப் எடுபடேல்ல, ஆனா ஜீப்காரர் விளக்கம் சொல்லுறார். பிலிப்பைன்ஸ் சீனா மேல போட்ட தென்சீனக் கடல் வழக்கில 2016இல வந்த தீர்ப்பைச் செல்லாது எண்டு சீனா சொல்லுது, ஆனா ஏன் செல்லாது எண்டு பக்கம் பக்கமா எழுதிக்கொண்டுதானே இருக்கு?

கதை முடியேல்ல. பக்கத்தில ஃபிளாட் கட்டத் தொடங்கினாங்கள். ஒரு விடியக்காலமை கொங்கிறீட் கலக்கிற லொறி ஒண்டு, ஜீப்பைவிட மூண்டு மடங்கு, ஜீப்காரற்ற கேட்டை மறிச்சு நிக்குது. ஆறு மணிக்கு மாமாட வீட்டு பெல் அடிக்குது. திறந்தா ஜீப்காரர். சாரத்தோட. சாரத்தை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு கேக்கிறார், "மாமா, உந்த லொறி எத்தின மணியில இருந்து நிக்குது எண்டு கொப்பியில இருக்கோ?" மாமா கண்ணாடியைத் தேடிப் போட்டு, ஆறுதலாப் பக்கம் திருப்பி, "அஞ்சு நாப்பத்தஞ்சு. நம்பரும் வேணுமோ?" எண்டார்.

இன்னொருக்காச் சொல்லட்டோ? சாரத்தோட, ஐயா! ஒரு வருசம் சிரிச்ச மனுசன் சாரத்தோட!

எதிரணித் தம்பி கடைசியா ஒண்டு கேட்டவர், ஜெனீவாவில ஐநா மனித உரிமைச் சபைக்குப் போய் என்ன கண்டனீங்கள் எண்டு. அதுக்குக் கை தட்டல் வரேல்ல, கவனிச்சனான். ஐயா, ஒரு நிமிசம்.

2017 மாசியில கிளிநொச்சியில அம்மாக்கள் ரோட்டோரம் கொட்டில் போட்டு இருந்தவை, காணாமலாக்கப்பட்ட பிள்ளையளைக் கேட்டு. அதுக்குப் பிறகு ஒருக்கா நான் ஏ9 வீதியால வரேக்க பஸ்ஸால இறங்கிப் போனனான். ஒரு அம்மா மடியில மகன்ட படம் வைச்சிருந்தவ. லமினேற் பண்ணின படம், வெயிலில நுனி கழண்டு, அதுக்கு மேல திரும்பவும் லமினேற் பண்ணி, அதுவும் மஞ்சளாகி, பெடியன்ட முகம் மங்கிப்போச்சு. பக்கத்தில ஒரு ஃபைல். எந்தெந்த அலுவலகத்துக்கு எழுதினவ, எந்தத் திகதி, ஆர் வாங்கினது, எல்லாம் அடுக்கி இருந்தது. நான் ஒண்டும் கேக்கேல்ல. அவவாத்தான் ஃபைலைத் தட்டிச் சொன்னவ, "தம்பி, இதில ஒரு கடுதாசியும் நான் எறியேல்ல."

மணி அடிச்சிட்டுது, விளங்குது ஐயா. எதிரணித் தம்பி, அந்த அம்மாவிட்டப் போய் இந்த இஸ்ஸோ வடைப் பகிடியை ஒருக்காச் சொல்லுங்கோ. நான் வெளியில ரோட்டில நிக்கிறன்.